பூனை மேல் போட்ட பழி

நீ போன் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஒன்பது நாளாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு நாள் 'ஷிஃப்ட்ல இருக்கேன்' என்று மெசேஜ் போட்டாய், அப்புறம் அதுவும் இல்லை. பத்தாவது வரை படித்தவள் நான், எழுத்து மறந்துபோகவில்லை. நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. உன் கம்பெனி பஸ் ஓட்டுகிற நம் தெரு பாபுவிடம் உறையை ஒட்டாமலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவர் படித்தாலும் சரி, உன்னோடு ரூமில் இருக்கிறவர்கள் படித்தாலும் சரி. அவர்கள் மூன்று பேரும் படிக்க வேண்டிய கடிதம்தான் இது.

போல்ட்டு எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ டிரெய்னியாகச் சேர்ந்த புதிதில், ஒருநாள் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஒரகடம் ரோட்டில் லாரி போகிற போக்குக்கு இப்படியா வருவாய் என்று கத்தப் போனேன். ஹெல்மெட்டுக்குள் ஒரு பூனைக்குட்டி. கம்பெனி ஸ்கிராப் மேட்டில் போல்ட்டு நட்டுகளுக்கு நடுவில் கிடந்தது என்றாய். பேரும் நீதான் வைத்தாய். எனக்குப் பூனை என்றாலே பிடிக்காது. நீ வேலைக்குப் போனதும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இருந்தவள்தான் நான். ஒரு வாரத்தில் என்னால் முடியாமல் போய்விட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பூனையைக் கேட்டது நான் இல்லை. கொண்டுவந்தவன் நீ.

போன ஐப்பசியில் உன்னை நைட் ஷிஃப்டுக்குப் போட்டார்கள். காலை ஏழரைக்கு வந்து படுப்பாய். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னல் இரண்டையும் கம்பெனி அட்டைப்பெட்டியைக் கிழித்து அடைத்தாய். நமக்கு இருப்பதே ஒரு ரூம். கேன்டீனில் என் வேலை முடிந்து மூன்று மணிக்கு நான் வந்தால், கதவைத் திறந்ததும் வெக்கையும் இருமல் மருந்து வாசனையும் முகத்தில் அடிக்கும். நீ தூக்கத்திலேயே இருமுவாய். போல்ட்டு உன் வயிற்றுமேல் படுத்திருக்கும், நீ இருமுகிறபோதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போடா என்று இரண்டு தடவை சொன்னேன். "சும்மா இரும்மா, பெயின்ட் ஷாப் வாசனை ஒத்துக்கல. இப்ப லீவு போட்டா பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு பூடும்" என்றாய். நானும் சும்மா இருந்தேன். மூன்றாவது தடவை சொல்லியிருக்க வேண்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். உனக்கு நிரந்தர வேலை ஆகவேண்டும் என்கிற ஆசை எனக்கும் இருந்தது. அந்த ஆசையில் உன் இருமலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தை முடிகிற சமயத்தில் எனக்கு ஆரம்பித்தது. சாயங்காலமானால் ஜுரம். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. சோற்றுப் பாத்திரத்தை இறக்கி வைத்தால் மூச்சு வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நீதான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனாய், அதை மறுக்கவில்லை. சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டாம் நாள் அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "டிபிம்மா. பயப்படாதீங்க. ஆறு மாசம் மாத்திரை, ஒருநாள்கூட விடாம சாப்பிட்டா சரியாயிடும். வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?"

நான் உன் பக்கம் திரும்பினேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "வூட்ல ஒரு பூனை இருக்கு டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்த அந்த அம்மா பேனாவை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். "பூனையைக் கேக்கலப்பா. ஆளைக் கேட்டேன்."

"ஆளு யாருக்கும் இல்ல டாக்டர்" என்றாய். சொல்லி முடிப்பதற்குள் உனக்கு நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் வந்தது. அதை அடக்கினாய். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. போன் வருகிறது என்று கையைக் காட்டிவிட்டு வெளியே ஓடினாய். உன் போன் அப்போது என் பையில் இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்க வாய் வரவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

வழியில் வண்டியை ஓரம் கட்டி ஒரு வீடியோவைக் காட்டினாய். வெளிநாட்டில் எங்கேயோ வீட்டுப் பூனையிடமிருந்து மனுஷனுக்கு டிபி வந்ததாம். "பாத்தியாம்மா. இதான் விஷயம். போல்ட்டு கழுத்துல புண்ணு கீது இல்ல, அதுல்ருந்து தான்." போல்ட்டுக்கு அப்போது கழுத்தில் நிஜமாகவே ஒரு புண் இருந்தது, ஆறாமல் சீழ் வைத்திருந்தது. நான் நம்பிவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பூனையால் வந்தது என்றால் உன்னால் வரவில்லை என்று ஆகிறதே. ஒரு வாரம் அதை வெளியில் கயிறு போட்டுக் கட்டி, சோற்றைத் தள்ளி நின்று போட்டேன். அது நின்ற இடத்தையெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவினேன். அது கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாத்திரை வாங்கப் போய்விட்டு வந்தால் கயிறு மட்டும் கிடந்தது. "எங்கடா?" என்றேன். "செம்பரம்பாக்கம் ஏரிக்கரைல வுட்டுட்டேன். அங்க மீனு கிடைக்கும், பொழச்சிக்கும்" என்றாய். சாக்குப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாய். ஹெல்மெட்டில் வைத்துக் கொண்டுவந்ததைச் சாக்கில் கட்டி அனுப்பி வைத்தாய். அதற்கும் மறுநாள் நீயும் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். எனக்கு நோய் என்றதும் ஒரகடத்தில் ரூம் கிடைத்துவிட்டது உனக்கு. ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிற ஜன்னலில்லாத ரூம்.

நான் மூன்றாம் நாள் போல்ட்டைத் தேடிப் போனேன். உடம்பில் தெம்பில்லை. மாஸ்க் போட்டு அதற்குமேல் முந்தானையையும் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் நின்று, அப்புறம் ஆட்டோ பிடித்து ஏரிக்கரைக்குப் போனேன். மீன் வறுக்கிற கடை கடையாகக் கேட்டேன். டிபிக்காரி பூனை தேடிக்கொண்டு அலைகிறாளே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல். நாலாவது கடையில் இருந்த பொம்பளை, "பழுப்புப் பூனையா? கழுத்துல புண்ணு கீதா? தோ, அந்த ஐஸ் பொட்டிக்குப் பின்னால பாரு. மூணு நாளா எதுவும் துன்ன மாட்டேங்குது" என்றாள். குனிந்து கூப்பிட்டேன். முதலில் வரவில்லை. நான் அழ ஆரம்பித்ததும்தான் வந்தது.

நேராக மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வயசுப் பிள்ளைதான், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எனக்கு டிபி என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பூனையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுதான் பேசினேன். இதனிடமிருந்து வந்திருக்குமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. புண்ணைக் கீறிச் சீழை எடுத்து, ஒரு சீசாவில் போட்டுச் சோதனைக்கு வைத்துக்கொண்டார். "பாத்தா வேற பூனை கடிச்ச புண்ணு மாதிரிதான் இருக்கு. எதுக்கும் சோதிச்சிடலாம். பூனைக்கு டிபி வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்ம்மா. நோய் வந்த மாட்டோட பாலைக் காய்ச்சாம குடிச்சா, பச்சைக் கறி தின்னா வரலாம். ஆனா அதுகிட்டேருந்து மனுஷனுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். மனுஷன்கிட்டேருந்துதான் மனுஷனுக்கு வருது. எப்பவாவது மனுஷன்கிட்டேருந்து பூனைக்கும் போகும்." கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இது வீட்ல யார் கூடப் படுக்கும்?"

என் பையன் கூட என்று சொன்னேன். அவருக்கு அது சாதாரணக் கேள்வி. எனக்கு அதிலேயே பதில் கிடைத்துவிட்டது. சோதனையில் அதற்கு டிபி கிருமி இல்லை என்று வந்தது. மருந்து போட்டுப் பதினைந்து நாளில் புண் ஆறியது. உனக்கு மெசேஜ் போட்டேன், டாக்டர் கொடுத்த சீட்டையும் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஆனால் அதற்குள் நீ கட்டிவிட்ட கதை ஊருக்குள் பரவிவிட்டது. உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறாய், அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், பூனை வளர்த்து அண்ணிக்கு டிபி வந்துவிட்டது என்று. ஒரு வாரம்தான் ஆனது. யாரோ மீன் தலையில் எலிப் பாஷாணம் தடவி வைத்திருக்கிறார்கள். தெருவில் திரிந்த மூன்று பூனை செத்துக் கிடந்தது. அதில் ஒன்று எதிர்வீட்டுச் சினைப் பூனை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாயில் நுரையோடு கிடந்ததை நான்தான் அள்ளிப் புதைத்தேன். இதே தெருவில் இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே பூனையைக் காட்டினாய்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா, நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் சோதனை செய்ய வேண்டும் என்று உனக்குப் போன் செய்தபோது நீ என்ன சொன்னாய்? "நான் அம்மா கூட இல்லீங்க, ஒரு வருஷமா ரூம்லதான் இருக்கேன்." அந்த அம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார். இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை. பொய் சொல்கிறான் என்று சொன்னேன். நீ ஐப்பசியிலிருந்து இருமுவதையும் சொன்னேன். கேன்டீனிலும் எனக்கு வந்த நோயை முதல் நாளே சொன்னவள்தான் நான். இரண்டு மாதம் வரவேண்டாம் என்றார்கள். சளி சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் சோற்றுப் பக்கம் விடாமல் தட்டு கழுவுகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க ஆள் இல்லை. வலிக்கிறதா என்றால் வலிக்கிறது. ஆனாலும் காலையில் எழுந்து போகிறேன்.

இப்போது நான் எழுதப் போவதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. உன் அப்பா ஆஸ்துமாவில் சாகவில்லை. டிபியில்தான் செத்தார். நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். அவருக்கு நோய் என்று தெரிந்ததும் அதை மறைத்தது நான். அத்தை கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்தேன், நம்மை வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பயந்தேன். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸைத் தெரு முனையிலேயே பார்த்து, அவர் ஊரில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். யார் பார்ப்பார்களோ என்று மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். மூன்றாவது மாதம் உடம்பு தேறியதும், "போதும், இனிமே எதுக்கு" என்று அவர் நிறுத்தினார். நானும் போதும் என்றேன், நர்ஸ் வருவது நிற்குமே என்று. அடுத்த வருஷம் திரும்பி வந்தது, அதற்குமேல் மருந்து கேட்கவில்லை. உனக்கு நான் சொல்லிக் கொடுத்தேன், "ஸ்கூல்ல யாராவது கேட்டா அப்பாவுக்கு வீசிங்னு சொல்லு." நீ அப்படியே சொன்னாய். கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. டாக்டரம்மா முன்னால் நீ பூனை என்று சொன்னபோது உன் வாயிலிருந்து வந்தது என் குரல்தான். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம். பாதி உன் மேல், பாதி என் மேல். என் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ.

போன வாரம் ரேவதி வந்தாள். ஆவணியில் வல்லக்கோட்டை முருகன் சன்னிதியில் நீ தாலி கட்டப் போகிற பெண். லீவு நாளில் அவள் கம்பெனி ஹாஸ்டலிலிருந்து தனியாகக் கிளம்பி, வீட்டு வாசலிலேயே நின்றாள். "பூனை போயிருச்சா அத்தை? அது போனாத்தான் உங்க வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கணும்னு அவுக சொல்லிருக்காக" என்றாள். போல்ட்டு அப்போது என் காலடியில்தான் இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவள் இருமினாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். பத்து நாளாக என்றாள். அவள் வேலை செய்கிற லைனில் ஏசி குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். உன் கதையைத்தான் அவளும் சொன்னாள். அவளைத் திண்டாட வைக்கக் கூடாது என்று உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா கேட்டது, நீ சொன்னது, ஏரிக்கரை, அப்பா, எல்லாம். கடைசியில், "இவுக பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காக அத்தை. கல்யாணத்துக்கு உடம்பைக் குறைக்கேன்னு சொன்னாக" என்றாள். அப்புறம், "எங்க ரூமுல நாங்க எட்டுப் பேரு இருக்கோம்" என்றாள்.

அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சளி கொடுத்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். முடிவு வருகிற வரை அந்தப் பெண் ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன் என்று நம் வீட்டிலேயே இருந்தாள். ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு இல்லை. வெறும் சளிதான். அதைக் கேட்டதும் நான் ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா சீட்டைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பையன் எங்கே?"

உனக்குச் சொல்லச் சொல்லி ரேவதி எதுவும் சொல்லவில்லை. ஆனால் பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னதை நான் மறைக்கப் போவதில்லை. "சீக்கு வந்தா மாத்திரை இருக்கு அத்தை. ஆறு மாசம் கழிச்சுக்கூடக் கல்யாணம் வச்சுக்கிடலாம், எனக்கு அவசரமில்ல. ஆனா இவுக என்னைய இருமவிட்டுப் பாத்துக்கிட்டே இருந்திருக்காகளே." அவ்வளவுதான் சொன்னாள். உன்மேல் உயிராக இருக்கிற பெண் அவள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. லிஸ்டில் பேர் போகும், கல்யாணம் நிற்கும், ரூமில் இருப்பவர்கள் துணியைத் தூக்கி வெளியே போடுவார்கள். போகட்டும், நிற்கட்டும், போடட்டும். நீ இருந்தால் எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உனக்கு நோய் இல்லை என்றே முடிவு வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் தெரியாமலே இன்னொரு நாள் அந்த ரூமில் மூன்று பேருக்கு நடுவில் உன்னைப் படுக்க விடமாட்டேன். அவர்களுக்கும் அம்மா இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீ வர வேண்டும். பத்து மணி வரை பார்ப்பேன். வரவில்லை என்றால் அங்கிருந்து நேராக உன் கம்பெனி கேட்டுக்கு வருவேன். யாரைப் பார்க்கணும் என்று செக்யூரிட்டி கேட்பார். உன் பேரைச் சொல்வேன், எதற்கு என்றும் சொல்வேன். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நான் செய்வேன் என்று உனக்கே தெரியும்.

கடிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன், நர்ஸம்மா கொடுத்தது. உன் பேரை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மாடிக்குப் போய், பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, நன்றாக மூச்சை இழுத்து ஆழத்திலிருந்து காறித் துப்ப வேண்டும். எச்சில் உதவாது, சளிதான் வேண்டும். மூடியை இறுக்க மூடிக்கொண்டு வா.

அம்மா